தெருவுக்கு ஒரே கம்பி: வாசகர் கேள்வி – பதில்

எல்லையோர ஊர்களில் வீட்டு இணைய இணைப்பு பற்றிக் கேள்விகள் அனுப்பும்படி கேட்டிருந்தோம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்திலிருந்தும், இடுக்கி மலைத் தோட்டங்களிலிருந்தும், ஆந்திர எல்லைத் தமிழ் ஊர்களிலிருந்தும் கடிதங்கள் வந்தன. பலர் ஒரே விஷயத்தைச் சுற்றியே கேட்டிருப்பதால் முதல் பதில் நீளமாக இருக்கிறது. அதைப் படித்துவிட்டு மற்றவற்றுக்குப் போனால் புரிவது எளிது.

கொழிஞ்சாம்பாறை வாசகர்: எங்கள் தெருவில் ஒரே ஒரு கம்பெனியின் ஃபைபர்தான் இருக்கிறது. முதல் ஆறு மாதம் மலிவாகக் கொடுத்துவிட்டு இப்போது மாதக் கட்டணத்தை ஏற்றிவிட்டார்கள். இன்னொரு கம்பெனியைக் கூப்பிட்டால் “உங்கள் தெருவில் எங்களுக்கு லைன் இல்லை” என்கிறார்கள். போட்டிருக்கிற கம்பியையே வாடகைக்கு எடுத்து வேறொருவர் சேவை தரக்கூடாதா?

தரலாம். பல நாடுகளில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக அப்படித்தான் நடக்கிறது. கம்பியின் சொந்தக்காரர் மற்றவரை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்று சொல்லும் விதி நம் நாட்டில் இல்லை. உங்கள் தெருவின் சிக்கல் அங்கேதான் இருக்கிறது.

முறை எப்படி வேலை செய்கிறது என்பதைப் பழைய லேண்ட்லைனை வைத்துப் பார்ப்போம். எக்ஸ்சேஞ்சுக்குள் எம்.டி.எஃப். என்றொரு பெரிய இரும்புச் சட்டம் இருக்கும். ஊரில் உள்ள ஒவ்வொரு லேண்ட்லைனுக்கும் ஒரு ஜோடி தாமிரக் கம்பி அதில் வந்து முடியும். அங்கிருந்து தடித்த கேபிளாகத் தெருமுனைப் பெட்டி வரை, அடுத்து மெல்லிய கேபிளாகச் சில வீடுகளுக்குப் பொதுவான டி.பி. பெட்டி வரை, கடைசியில் டிராப் ஒயராக வீட்டுச் சுவர் வரை அந்த ஜோடி போகும். பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் போதும். பிராட்பேண்ட் 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேலேதான் ஓடும். இரண்டும் ஒன்றோடொன்று மோதாது. அதனால் ஒரே ஜோடியில் பேச்சை ஒருவரும் இணையத்தை இன்னொருவரும் தர முடியும்.

இதை வைத்து மூன்று விதமாகத் திறந்துவிடலாம். ஜோடி முழுவதையும் போட்டிக் கம்பெனிக்கு வாடகைக்கு விடுவது முதல் வழி. எம்.டி.எஃபில் ஒரு ஜம்பர் ஒயரை மாற்றிப்போட்டால் அந்த வீடு புதிய கம்பெனியின் கருவிக்குப் போய்விடும். இரண்டாவது வழியில் மேல் அதிர்வெண்ணை மட்டும் கொடுப்பார்கள், பேச்சு பழைய கம்பெனியிடமே இருக்கும். மூன்றாவது வழி பிட்ஸ்ட்ரீம். இதில் கம்பியும் கருவியும் சொந்தக்காரருடையவை. போட்டியாளர் அவரிடமிருந்து மொத்த விலைக்குத் தரவுப் பாதையை வாங்கித் தன் பெயரில் விற்பார். முதல் இரண்டிலும் போட்டியாளர் தன் கருவியை எக்ஸ்சேஞ்சுக்குள் கொண்டுவந்து வைப்பதால் வேகத்தையும் தரத்தையும் அவரே முடிவு செய்வார். பிட்ஸ்ட்ரீமில் விலையில் மட்டும்தான் கொஞ்சம் விளையாட முடியும்.

விதியை எழுதிவிட்டால் மட்டும் கதவு திறந்துவிடாது. “எக்ஸ்சேஞ்சில் இடமில்லை” என்பார்கள். இடம் கிடைத்தால் கருவிக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரம் கிடைக்காது. அதுவும் கிடைத்தால் ஜம்பர் மாற்ற ஆள் வர ஒரு மாதம் ஆகும், சொந்த வாடிக்கையாளருக்கு மட்டும் அன்றைக்கே ஆள் வரும். எல்லாவற்றையும்விடக் கொடியது விலை நெருக்கல். கம்பியின் மாத வாடகை 400 ரூபாய் என்று போட்டியாளரிடம் வாங்கிக்கொண்டு, தன் சொந்த இணைப்பை வீட்டுக்கு 420 ரூபாய்க்கு விற்றால் எதிராளி எதில் பிழைப்பார்? (கணக்கு புரிவதற்காகச் சொன்ன தொகைகள் இவை.) ஜெர்மனியில் டாய்ச் டெலிகாம் மீது இதே குற்றச்சாட்டு வந்தது. 2003-ல் ஐரோப்பிய ஆணையம் 1 கோடியே 26 லட்சம் யூரோ அபராதம் விதித்தது. 2010-ல் மேல் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்கும் தாமிர ஜோடிகளைத் திறந்துவிடும் சட்டம் 2001 ஜனவரியில் நடப்புக்கு வந்தது. பிரிட்டனிலும் விதி இருந்தது, ஆனாலும் முதல் சில ஆண்டுகளில் பெரிதாக யாரும் வரவில்லை. மேலே சொன்ன இடம், ஆள், விலைத் தொல்லைகளே காரணம். ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் அழுத்தம் கொடுத்த பிறகு, 2005 செப்டம்பரில் அங்கே கம்பிகளின் சொந்தக்காரரான பி.டி. நிறுவனம் எழுத்துப்பூர்வமாக உறுதிகள் கொடுத்தது. 2006 ஜனவரியில் கம்பிகளைக் கவனிக்க ஓப்பன்ரீச் என்ற தனிப் பிரிவு உருவானது. தாய்க் கம்பெனியின் சில்லறைப் பிரிவுக்கு என்ன விலை, என்ன காலக்கெடுவோ அதேதான் வெளியாருக்கும் என்பது அதன் அடிப்படை. அதன் பிறகுதான் போட்டி உண்மையில் கிளம்பியது. ஜப்பானில் இன்னும் வேகமாக நடந்தது. பழைய தொலைபேசி நிறுவனமான என்.டி.டி.யின் தாமிர ஜோடிகளை விதிப்படி வாடகைக்கு எடுத்து 2001-ல் வந்த யாஹூ பி.பி. என்ற இணையச் சேவை, 8 மெகாபிட் வேகத்தை மாதம் 2,280 யென்னுக்குக் கொடுத்தது. மற்றவர்களும் விலையை இறக்க வேண்டியதாயிற்று.

இனி நம் கதை. 2004 ஏப்ரலில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், அரசு நிறுவனங்களான பி.எஸ்.என்.எல்., எம்.டி.என்.எல். ஆகியவற்றின் தாமிரக் கம்பிகளைப் போட்டியாளருக்குத் திறந்துவிடப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பிராட்பேண்ட் கொள்கை அதை ஏற்கவில்லை. கம்பி வைத்திருப்பவரும் கேட்பவரும் மனமொத்து வணிக ஒப்பந்தம் செய்துகொள்ளலாம் என்று எழுதியது. நிலத்தை மொத்தமாக வைத்திருப்பவரிடம் “விருப்பமிருந்தால் பக்கத்து வயலுக்குத் தண்ணீர் விடுங்கள்” என்று சொன்னால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அரசு நிறுவனங்களின் பக்கத்திலும் நியாயம் இருந்தது. நட்டப்பட்டு கிராமத்துக்குக் கம்பி இழுத்தவர்கள் அவர்கள்தாம், லாபம் வரும் நகரத்து ஜோடிகளை மட்டும் தனியார் பொறுக்கிக்கொள்வார்கள் என்ற அச்சம் பொய்யல்ல. ஆனால் அதற்கு மருந்து வாடகை விலையைச் சரியாக வைப்பது. கதவை அடைத்தது மருந்தாகவில்லை. 2010-க்குள் 2 கோடி இணைப்பு என்று அந்தக் கொள்கை குறி வைத்தது. அந்த ஆண்டு முடிவில் ஏறக்குறைய 1 கோடியே 10 லட்சத்தில் நின்றது. பயன்படாத ஜோடிகள் மண்ணுக்குள் மக்கின.

இன்று தாமிரம் ஏறக்குறையப் போய்விட்டது. வீட்டுக்கு வரும் கம்பியில் முதலிடமும் கை மாறிவிட்டது. 2022 ஆகஸ்டில் நிலைத் தொலைபேசி எண்ணிக்கையில் பி.எஸ்.என்.எல்.லை ஜியோ தாண்டியது. பெரியவர் யார் என்பது மாறினாலும் அவர் கம்பியைத் திறந்துவிடக் கட்டாயம் இல்லை என்பது அப்படியே இருக்கிறது. 2016-ல் வந்த வி.என்.ஓ. உரிமத்தில் சொந்தக் கம்பி இல்லாதவரும் பெரிய கம்பெனியின் வலையமைப்பை வைத்துச் சேவை விற்கலாம் என்று இடம் கொடுத்தார்கள். அங்கேயும் அதே மனமொத்த ஒப்பந்தம்தான். 2004-ன் பிழையை இன்னொரு முறை எழுதினார்கள் என்பதே எங்கள் கருத்து.

உங்கள் தெருவுக்கு இப்போதைக்கு என்ன செய்யலாம்? கம்பத்தில் எத்தனை ஃபைபர் ஓடுகிறது என்று முதலில் நிமிர்ந்து பாருங்கள். தடித்த கறுப்புக் கேபிள் ஒன்றுக்கு மேல் இருந்தால் இன்னொரு கம்பெனி தெருவைக் கடந்து போகிறது, இறக்கித்தான் தரவில்லை என்று பொருள். பத்துப் பன்னிரண்டு வீடுகள் சேர்ந்து எழுத்தில் கேட்டால், ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஒரு ஸ்ப்ளிட்டர் பெட்டி வைத்து இறக்கிக் கொடுப்பது அவர்களுக்குக் கட்டுப்படியாகும். தனி வீடாகக் கேட்டால் அந்தப் பதிலேதான் வரும்.

நகரி மாணவி: எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறேன். தாமிரத்தில் செய்தது போல ஃபைபரிலும் ஒரு வீட்டு இழையை மட்டும் தனியே பிரித்து இன்னொரு கம்பெனிக்குக் கொடுக்க முடியுமா?

நம் ஊர்களில் போட்டிருக்கும் முறையில் முடியாது. வீட்டு ஃபைபர் பெரும்பாலும் ஜிபான் வகை. அலுவலகத்தில் ஓ.எல்.டி. என்ற கருவி. அதன் ஒரு போர்ட்டிலிருந்து ஒரே இழை புறப்பட்டு, வழியில் ஸ்ப்ளிட்டரில் 32 அல்லது 64 ஆகப் பிரிந்து வீடுகளுக்குப் போகிறது. கீழ்நோக்கி 2.5 கிகாபிட்டுக்குச் சற்றுக் குறைவு, மேல்நோக்கி அதில் பாதி, இந்த அளவை அத்தனை வீடுகளும் பகிர்ந்துகொள்கின்றன. கீழ்நோக்கிய ஒளி 1490 நானோமீட்டர், மேல்நோக்கியது 1310. தாமிரத்தில் எக்ஸ்சேஞ்ச் வரை உங்கள் ஜோடி உங்களுடையது. ஜிபானில் ஸ்ப்ளிட்டர் வரைதான் உங்கள் இழை, அதற்கு மேலே எல்லோருக்கும் பொது. அலுவலகத்தில் போய் “என் இழையைக் கொடு” என்றால் கொடுப்பதற்கு அப்படி ஒரு இழையே அங்கே கிடையாது.

அதனால் ஃபைபரில் திறப்பதற்கு வேறு இடங்களைத் தேடினார்கள். ஒன்று, மென்பொருளில் பிரிப்பது. ஓ.எல்.டி.யிலேயே ஒவ்வொரு வீட்டுக்கும் தனிப் பாதை ஒதுக்கி, அந்தப் பாதையைப் போட்டியாளர் கையில் கொடுப்பது. பிரிட்டனிலும் ஆஸ்திரியாவிலும் இந்த முறை உண்டு. இன்னொன்று, இன்னும் கீழே இறங்கி குழாயையும் கம்பத்தையும் பகிர்வது, இழையை அவரவர் போட்டுக்கொள்வது. மூன்றாவது, ஆளையே பிரிப்பது. சிங்கப்பூரில் இழை போட்டவர் ஒருவர், அதில் கருவி வைத்து மொத்தத்துக்கு விற்பவர் ஒருவர், வீட்டுக்கு விற்பவர்கள் பலர் என்று அடுக்கினார்கள். வீட்டு இழைக்கு மாதம் 15 சிங்கப்பூர் டாலர் என்று ஒழுங்குமுறை விலையும் வைத்தார்கள். நியூஸிலாந்தில் 2011-ல் டெலிகாம் நிறுவனத்திலிருந்து கோரஸ் தனிக் கம்பெனியாகப் பிரிந்தது, அது வீட்டுக்கு நேரடியாக விற்கவே கூடாது. விற்பனைக்கடை வைத்திருக்காதவருக்கு யார் விற்றாலும் வாடகைதான் வருமானம். அடுத்தவரைத் தடுக்க அவருக்குக் காரணம் இல்லை. மூன்று வழிகளிலும் இதுவே உறுதியானது.

படிப்பவர் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறோம். வலையமைப்பைப் போடும்போதே ஸ்ப்ளிட்டரைத் தெருத்தெருவாகக் கம்பத்தில் சிதறவிடாமல் ஊருக்கு ஒரு பெட்டியில் குவித்து வைத்தால், பின்னாளில் அந்தப் பெட்டியில் இன்னொரு கம்பெனி தன் ஸ்ப்ளிட்டரை வைத்து வீட்டு இழையை மாற்றிச் செருக முடியும். கொஞ்சம் கூடுதல் கேபிள் செலவாகும். நம் கேபிள் தொழிலில் கம்பத்துக்குக் கம்பம் 10/90, 20/80 என்ற விகிதத்தில் ஒளியைப் பிரிக்கும் கப்ளர் வைத்துக் கிள்ளிக் கிள்ளிக் கொண்டுபோகும் பழக்கம் இருக்கிறது. மலிவுதான், ஆனால் அந்த வலையமைப்பை எந்தச் சட்டம் வந்தாலும் பிரித்துக் கொடுக்க முடியாது.

வேலந்தாவளம் வாசகர்: எங்கள் வீடு கேரளத்தில். அரை கிலோமீட்டர் தள்ளித் தமிழ்நாட்டில் ஒரு சின்னக் கம்பெனி நல்ல வேகத்தில் கொடுக்கிறது. “எல்லை தாண்டி வரமாட்டோம்” என்கிறார்கள். நானே ஒரு ஆன்டெனா வைத்து அங்கிருந்து இழுத்துக்கொள்ளலாமா? பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்க ஆசை.

அவர்கள் வர மறுப்பது சோம்பலால் அல்ல. இணைய உரிமத்தில் ஏ, பி, சி என மூன்று வகை இருக்கிறது. ஏ வகைக்கு நாடு முழுவதும் எல்லை. பி வகைக்கு ஒரு தொலைத்தொடர்பு வட்டம். சி வகைக்கு எஸ்.எஸ்.ஏ. எனப்படும் மாவட்ட அளவிலான பகுதி மட்டும். சின்னக் கம்பெனி சி வகையாகவோ தமிழ்நாடு வட்டத்துக்கான பி வகையாகவோ இருந்தால் கேரளத்தில் ஒரு வீட்டுக்குக்கூடக் கொடுக்கக் கூடாது. மாஹே கேரள வட்டத்திலும், காரைக்கால் தமிழ்நாட்டு வட்டத்திலும், ஏனாம் ஆந்திர வட்டத்திலும் இருப்பது இந்தக் கோடுகளால்தான். நம் எல்லையோர மக்களுக்குப் போட்டி குறைவதற்கு இந்தக் கோடும் ஒரு காரணம். சந்தை ஒன்று, பேச்சு ஒன்று, உரிமம் மட்டும் இரண்டு.

அங்கே உங்களுக்குச் சொந்தத் தோப்போ வீடோ இருந்து, அந்த முகவரியில் முறையாக இணைப்பு வாங்கி, உங்கள் சொந்தப் பயனுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் கருவியால் இந்தப் பக்கம் கொண்டுவந்தால் அலைவரிசைக்கு உரிமம் வேண்டாம். 2018 அக்டோபர் முதல் 5150–5350, 5470–5725, 5725–5875 மெகாஹெர்ட்ஸ் பட்டைகள் உரிமமற்றவை, அனுப்பும் சக்திக்கு மட்டும் வரம்பு உண்டு. ஆனால் கம்பெனியின் நிபந்தனையில் “இந்த முகவரிக்குள் மட்டும்” என்று இருக்கிறதா என்று பார்த்து, எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். பக்கத்து வீடுகளுக்குக் காசுக்குக் கொடுப்பது வேறு விஷயம். அது உரிமமில்லாச் சேவை. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம் என்று இருக்கிறது. அந்த ஆசையை விட்டுவிடுங்கள்.

ஆன்டெனா வைப்பதானால், இரண்டு முனையும் ஒன்றையொன்று பார்ப்பது மட்டும் போதாது. 1 கிலோமீட்டர் தூரத்துக்கு நடுவழியில் பார்வைக் கோட்டைச் சுற்றி ஏறக்குறைய 3.6 மீட்டர் ஆரத்துக்கு அலை பரவும். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது இரண்டு மீட்டருக்கு மேல், காலியாக இருக்க வேண்டும். அரை கிலோமீட்டருக்கு ஒன்றரை மீட்டர் போதும். நடுவில் தென்னந்தோப்பு இருந்தால் இன்றைய உயரத்தைப் பார்த்துக் குழாய் நடாதீர்கள், மரம் வளரும். இந்தத் தூரத்தில் மழை கெடுக்காது. நனைந்த ஓலைதான் கெடுக்கும்.

வண்டிப்பெரியார் வாசகர்: கேஃபோன் வந்துவிட்டதே, இனிப் போட்டி வந்துவிடும்தானே? ஆந்திராவில் 149 ரூபாய்க்குக் கொடுத்தார்களே, அதுபோல?

அரசு கம்பி போட்டால் தானாகப் போட்டி வந்துவிடாது. அந்தக் கம்பியை யார் யாருக்கு என்ன விலையில் கொடுக்கிறார்கள் என்பதே கேள்வி. கேரள அரசின் ஃபைபர் வலையமைப்பான கேஃபோன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்டது. கேரள மின்வாரியமும் மாநில அரசின் ஐ.டி. உள்கட்டமைப்பு நிறுவனமும் சேர்ந்த அமைப்பு அது. மின்கம்பமே அதன் முதுகெலும்பு. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணைப்பு என்பது அறிவித்த குறிக்கோள். 2022-ல் அதற்கு இரண்டு அனுமதிகள் கிடைத்தன. வெறும் இழையை மற்ற கம்பெனிகளுக்கு வாடகைக்கு விடும் ஐ.பி.-1 பதிவு ஒன்று, தானே வீடுகளுக்கு விற்கும் இணைய உரிமம் மற்றொன்று. இரண்டு தொப்பியும் ஒரே தலையில். முதல் பதிலில் சொன்ன விலை நெருக்கல் ஆபத்து அரசு நிறுவனத்துக்கும் பொருந்தும். இழை வாடகை வெளிப்படையாக அச்சிடப்பட்டு, சின்ன இணையக் கம்பெனிக்கும் தன் சொந்தச் சில்லறைப் பிரிவுக்கும் ஒரே கணக்கு என்று இருந்தால் மலைக்கு அது பெரிய வரம்.

ஆந்திராவின் ஃபைபர்நெட் 2017 டிசம்பரில் குடியரசுத் தலைவர் கையால் தொடங்கப்பட்டது. இணையம், டி.வி., போன் மூன்றும் சேர்த்து 149 ரூபாய்க்குத் தொடக்கத் திட்டம். அங்கேயும் மின்கம்பத்தின் மேல் கேபிள்தான். ஆனால் கடைசித் துண்டை உள்ளூர் கேபிள்காரர்கள் போட்டார்கள். அரசின் முதுகெலும்பில் பல சிறு ஆட்கள் தொழில் செய்ய வழி இருந்தது இதன் நல்ல பக்கம். கம்பி அறுந்தால் “அது அவர் பொறுப்பு, இது இவர் பொறுப்பு” என்று தட்டிக்கழிக்க இடம் இருந்தது மறு பக்கம். இதுபோன்ற இணைப்பு வாங்கும்போது பழுதுக்கு யார் பொறுப்பு என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

உங்கள் மாவட்டத்துக்கு ஒரு பெருமை உண்டு. பஞ்சாயத்துகளை ஃபைபரால் இணைக்கும் தேசியத் திட்டத்தில் நாட்டிலேயே முதலில் முடிந்த மாவட்டம் இடுக்கி, 2015 ஜனவரியில். பின்னர் பாரத்நெட் என்று பெயர் மாறிய அந்தத் திட்டத்தின் கொள்கையே, எல்லாச் சேவையாளருக்கும் பாகுபாடின்றிக் கொடுப்பது என்பதுதான். ஆகவே உங்கள் பஞ்சாயத்து அலுவலகத்துக்கு வந்த ஃபைபரை உள்ளூரில் யாராவது வாடகைக்கு எடுத்திருக்கிறார்களா என்று கிராம சபையில் கேளுங்கள். எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு இணைப்பு இல்லாததற்கு மலை காரணமல்ல, பஞ்சாயத்திலிருந்து லயம் வரையான அந்த இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு ஆள் இல்லாததே காரணம் என்பது பல இடங்களில் அப்போது தெரியவரும்.

ஆரியங்காவு டீக்கடைக்காரர்: கடையில் வைஃபை வைத்துப் பத்து ரூபாய்க்கு விற்கலாம் என்கிறார்கள். உரிமம் வேண்டாமா?

பி.எம்.-வாணி முறையில் விற்றால் வேண்டாம். பொது வைஃபைக்காக மத்திய அரசு 2020 டிசம்பரில் கொண்டுவந்த திட்டம் அது. கடைக்காரர் பி.டி.ஓ. (பொதுத் தரவு நிலையம் நடத்துபவர்) ஆவார், அவருக்கு உரிமமும் இல்லை, பதிவுக் கட்டணமும் இல்லை. ஆனால் பல பி.டி.ஓ.க்களை ஒருங்கிணைக்கும், பதிவு செய்த பி.டி.ஓ.ஏ. நிறுவனம் ஒன்றோடு சேர வேண்டும். ஆளை அடையாளம் காண்பதும் கணக்கு வைப்பதும் அவர்கள் வேலை. இணைப்பு ஒன்று, திட்டத்துக்கு ஏற்ற வைஃபை பெட்டி ஒன்று, கரண்ட் போனால் தாங்க ஒரு சின்ன யு.பி.எஸ்., இவ்வளவே முதலீடு. வீட்டு ரூட்டரின் பாஸ்வேர்டை எழுதி மாட்டிக் காசு வாங்குவது இதில் சேராது.

இதிலும் பெரிய கம்பெனி முட்டுக்கட்டை இருந்தது. கடைக்காரர் என்றதும் சாதாரண ஃபைபர் திட்டம் தராமல், பல மடங்கு விலையுள்ள லீஸ்டு லைன் (நிறுவனங்களுக்கான தனிப் பாதை) எடுக்கச் சொன்னார்கள். 2025 ஜூனில் டிராய் ஆணை போட்டது. வீட்டுக்கு விற்கும் 200 மெகாபிட் வரையான எல்லா ஃபைபர் திட்டங்களையும் பி.டி.ஓ.வுக்கும் தர வேண்டும், வீட்டு விலையின் இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக் கூடாது. மொத்த விலைக்கு ஒரு வரம்பு வைத்து, கொடுத்தே ஆக வேண்டும் என்று சொன்ன ஆணை இது. இணைப்பு மறுத்தால் இந்த ஆணையைச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள்.

சத்தியவேடு கேபிள் தொழில் செய்பவர்: ஒரு பெரிய கம்பெனி கூட்டுச் சேரக் கூப்பிடுகிறது. கேபிள் என்னுடையது, இணையம் அவர்களுடையது, வருமானம் பங்கு. எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்?

முதலில் “எங்களுக்கு மட்டும்” என்ற விதி. “இந்தக் கேபிளில் வேறு எவருடைய சேவையும் போகக் கூடாது” என்று ஒரு வரி இருக்கும். உங்கள் காசில் போட்ட கேபிளை அந்த வரி அவர்களுடையதாக்கிவிடும். அடித்துவிடச் சொல்லுங்கள். மறுத்தால் ஓராண்டுக்கு மட்டும் என்று சுருக்குங்கள். அடுத்து, டிராப் ஒயர், ஸ்ப்ளிட்டர், வீட்டுப் பெட்டி ஒவ்வொன்றும் யாருடையது என்று பட்டியல் இணைக்க வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் வாடிக்கையாளரை இன்னொரு கம்பெனிக்கு மாற்ற உங்களுக்கு எத்தனை நாள் என்பதையும் எழுத வேண்டும். அது இல்லாமல் முறிந்தால் ஒரே இரவில் எல்லா வீடும் இருட்டு.

உங்கள் கருவியிலிருந்து மேலே இணையத்துக்குப் போகும் பாதையான அப்லிங்கின் கணக்கை நீங்களே போடுங்கள். 8 போர்ட் ஓ.எல்.டி., போர்ட்டுக்கு 64 வீடு என்றால் 512 வீடு. மேலே 1 கிகாபிட் மட்டும் கொடுத்தால், எல்லோரும் பார்க்கும் இரவு எட்டிலிருந்து பதினொன்று வரை வீட்டுக்கு 2 மெகாபிட்கூட வராது. 100 மெகாபிட் என்று விற்றுவிட்டு வசவு வாங்குவது நீங்கள். 10 கிகாபிட் என்றால் அதே நேரத்தில் வீட்டுக்கு 19 மெகாபிட் கிடைக்கும், தாராளம். வீடு கூடக்கூட அப்லிங்கைக் கூட்டும் பொறுப்பு யாருடையது என்று எண்ணோடு எழுதி வாங்குங்கள்.

நீங்களே சி வகை உரிமம் எடுக்கும் எண்ணம் இருந்தால், உண்மையான பூட்டு உங்கள் தெருவில் இல்லை. சென்னை வரை உள்ள பாதையில் இருக்கிறது. அந்தப் பாதையை விற்பவர்கள் இரண்டு மூன்று பேருக்கு மேல் இருக்க மாட்டார்கள். இரண்டு பேரிடம் வாங்குங்கள், இரண்டும் ஒரே குழாயில் போகவில்லை என்று வரைபடம் கேளுங்கள். ரோடு வெட்டினால் ஒன்றாவது மிஞ்சும். சென்னையில் இணையக் கம்பெனிகள் தங்களுக்குள் தரவை மாற்றிக்கொள்ளும் நிக்ஸி இணைப்பு மையம் உண்டு, உள்நாட்டுப் போக்குவரத்தை அங்கே மாற்றிக்கொண்டால் வெளிநாட்டுப் பாதைக்குக் கொடுக்கும் காசு குறையும். கடலடி கேபிள் கரையேறும் நிலையங்களில் ஒரு காலத்தில் சொந்தக்காரர் வைத்ததே சட்டம். 2007-ல் டிராய் அவற்றை அத்தியாவசிய வசதி என்று வகுத்து மற்றவரையும் உள்ளே விட விதி செய்தது. 2012-ல் கட்டணத்தையும் தானே நிர்ணயித்தது. வழக்குகள் நடந்தன. ஆனாலும் ஆதிக்கக்காரரின் கதவைத் திறக்கும் வழி நம் ஒழுங்குமுறைக்குத் தெரியும் என்பதற்கு அது சாட்சி. கடற்கரையில் செய்ததைத் தெருவில் செய்யவில்லை.

சித்தூர் (பாலக்காடு) வாசகர்: ஒன்பது நாளாகப் பெட்டியில் சிவப்பு விளக்கு. ஃபோன் செய்தால் “நாளைக்கு” என்கிறார்கள்.

சிவப்பு விளக்கு எல்.ஓ.எஸ். என்றால் ஒளி வரவில்லை, அல்லது மிகக் குறைவாக வருகிறது. பச்சை முனையுள்ள வயரை மெதுவாகக் கழற்றித் திரும்பச் செருகுங்கள், முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். பச்சை முனை பச்சைத் துளையில்தான் போக வேண்டும். யாராவது நீல முனை வயரை மாற்றிப் போட்டிருந்தால் அதுவே கோளாறு. வயர் கதவிடுக்கில் நசுங்கியிருக்கிறதா, விரல் அளவு வளையமாகச் சுருட்டியிருக்கிறதா என்று பாருங்கள். வெளியே ஆடி மாதக் கணவாய்க் காற்றில் ஆடி ஆடி டிராப் ஒயர் அறுவதும், இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவதும், அணில் கடிப்பதும் உங்கள் பகுதியின் வழக்கமான காரணங்கள்.

ஆள் வந்தால் ஒளி அளவு எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். அலுவலகத்து ஓ.எல்.டி. 3 டி.பி.எம். (ஒளி அளவின் அலகு) அனுப்பினால், 32 பிரிப்புக்கு 17, நான்கு கிலோமீட்டர் இழைக்கு 1, முனைகளுக்கும் ஒட்டுகளுக்கும் 2.5 டெசிபெல் கழிந்து வீட்டில் ஏறக்குறைய மைனஸ் 17.5 இருக்க வேண்டும். மைனஸ் 27-க்குக் கீழே போனால் பெட்டி பிடிக்காது. மைனஸ் 26 காட்டிவிட்டு “சரியாகிவிட்டது” என்று போனால் அடுத்த மழையில் திரும்பச் சிவப்பு எரியும். ஒட்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

புகாருக்கு வருவோம். வாட்ஸ்அப்பில் லைன்மேனுக்கு அனுப்புவது புகார் ஆகாது. கம்பெனியின் இலவச எண்ணில் பதிந்து டாக்கெட் எண் (புகார் எண்) வாங்குங்கள். தீரவில்லையென்றால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதலாம், கட்டணம் இல்லை, 39 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகாரை விசாரிப்பதில்லை, அங்கே எழுதி நாளைக் கடத்தாதீர்கள். அதற்குப் பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகாருக்கு அங்கே போகலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. 2019 நுகர்வோர் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனியின் அலுவலகம் கோவையில் இருந்தாலும் நீங்கள் பாலக்காட்டில் போடலாம், எல்லையோரத்தில் இது பெரிய வசதி. 5 லட்சம் ரூபாய்க்குள் உள்ள சேவைக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டு வரை காலம் உண்டு. டாக்கெட் எண்கள், பில், சிவப்பு விளக்கின் படம் தேதியோடு, இவை போதும். முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள், சில நேரம் அதிலேயே ஆள் வந்துவிடுவார்.

குப்பம் வாசகர்: கம்பெனி மாறினால் முப்பது வருட லேண்ட்லைன் எண் போய்விடுமா?

போய்விடும். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி மொபைலுக்கு 2011 ஜனவரியில் நாடு முழுவதும் வந்தது, நிலைத் தொலைபேசிக்கு வரவில்லை. எண் வேண்டுமென்றால் பழைய கம்பெனியிலேயே குறைந்த கட்டணத் திட்டத்துக்கு இறங்கி எண்ணை வைத்துக்கொண்டு, இணையத்தை மட்டும் புதியவரிடம் எடுங்கள். பழைய தாமிர இணைப்பு இன்னும் இருந்தால், அதே கம்பெனியின் ஃபைபருக்கு அதே எண்ணோடு மாற்றித் தருவார்களா என்று முதலில் கேட்டுவிட்டு விண்ணப்பம் கொடுங்கள்.